பெட்டியா, கூம்பா

மார்ச் 3, திங்கள்

இன்று சொன்ன சொற்கள்: சரி.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். வாரத்தில் மூன்று நாள் வந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரெஹானாவின் உத்தரவு. "சார் ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்தை சொல்றாருன்னு தேதி போட்டு எழுதி வையுங்க மேடம், முன்னேற்றம் தெரியும்" என்றாள். டைரி வாங்கிவிட்டேன். எழுத இருப்பதோ ஒரே ஒரு சொல். மிச்சப் பக்கத்தை என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்கு ஜூன் வரை லீவு போட்டிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தி நடத்திக் கத்திப் பழகின வாய் சும்மா கிடக்கிறது. அதனால் என் புலம்பலையும் சேர்த்தே எழுதப் போகிறேன்.

டிசம்பரில் பக்கவாதம் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பிடித்துக்கொண்டால் ஹாலிலிருந்து போர்ட்டிகோ வரை நடக்கிறார். பேச்சில் திரும்பி வந்தது இந்த ஒரு சொல். பசிக்கிறதா? சரி. பசிக்கவில்லையா? சரி. காருக்குப் பெட்ரோலுக்குப் பதில் மோர் ஊற்றட்டுமா என்று நேற்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சரி. சிரித்துவிட்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஜெகநாதன் என்கிற இந்த மனிதர் வாழ்நாளில் யாருக்கும் லேசில் சரி சொன்னதில்லை. ஜவுளி மில்லுக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை நடத்தியவர். வேலையாள் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் முதல் வார்த்தை "இல்ல"தான்.

மார்ச் 5, புதன்

சரி.

ஆல்வின் போன் செய்தான். செட்டிப்பாளையம் ரோட்டில் ஷெட் போட்டு, கார் இன்ஜின்களை டியூன் செய்கிறவன். முப்பத்தைந்து வயது இருக்கும். இவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஷெட்டில்தான் கழிந்தன. ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து பார்த்தான்.

"அக்கா, தொந்தரவு பண்றேனுங்களா? மாசக் கடைசில டைனோவ ஓசூருக்கு மாத்தறேனுங்க. சார் காருக்கு டியூன் பண்றதா நவம்பர்லயே பேசி வெச்சது. போறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துர்லாம்னு பார்க்கறேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இன்டேக் எது போடறதுன்னு சார் கடைசி வரைக்கும் முடிவே சொல்லலீங்க."

"இன்டேக்னா?"

"இன்ஜினுக்குள்ள காத்து போற வழிங்க்கா."

டைனோ என்றால் என்ன என்றும் கேட்டேன். காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டி, அதன் பலத்தை அளக்கிற மேடையாம். நீயே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடு தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு.

"அவரையே கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க்கா" என்றான், குழந்தையிடம் சொல்வது போல.

மார்ச் 7, வெள்ளி

சரி.

ரெஹானாவிடம் ஆல்வின் விஷயத்தைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மேடம், இதுதான் வேணும். காப்பியா டீயான்னா அவருக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். உயிரான விஷயத்துல ரெண்டைக் காட்டிக் கேளுங்க. தப்பானதுக்கு சரின்னு சொல்லிட்டா அவருக்கே பொறுக்கக் கூடாது. அப்போ உள்ள இருந்து ஏதாவது வரலாம்."

"உள்ள இருக்காரா?" என்று கேட்டேன். இந்த மூன்று மாதத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி.

"கேட்டாதானே தெரியும்" என்றாள்.

ஆக, எனக்கு இந்த மாதத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இன்டேக் விஷயத்தில் இவரிடமிருந்து ஒரே ஒரு நிஜமான பதில் வாங்க வேண்டும். சும்மா வாயிலிருந்து உதிர்கிற சரி இல்லை. இது, அது என்று அவரே எடுத்துச் சொல்கிற ஒன்று. கிடைத்தால் இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்று நம்புவேன்.

மார்ச் 8, சனி

சரி. சரி. சரி. (மாத்திரை, மூத்திரம், டிவி.)

கேஸ் வரவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

சரி.

கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் எனக்குப் புரிய வேண்டுமே. ஆல்வினைப் போனில் பிடித்து ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். நான் புரிந்துகொண்ட வரையில்:

காருடன் கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டி ஒன்று பானெட்டுக்குள் இருக்கிறது. அதற்குள் ஃபில்டர். காற்று அதன் வழியாக, குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் போகும். அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த கோன் ஃபில்டரும் அகலமான குழாயும் வெளியில் வாங்கிப் போடலாம். நான் அதற்குக் கூம்பு என்று பெயர் வைத்துவிட்டேன். கூம்பு போட்டால் காற்று தாராளமாக வரும், பலம் கொஞ்சம் கூடும், சத்தம் நிறையக் கூடும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சூட்டையே இழுத்துக் குடிக்கும். குழாயில் ஒரு சென்சார் உட்கார்ந்து எவ்வளவு காற்று போகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் பெட்ரோல்; அதைத் திருத்தி அமைப்பதுதான் டியூன். குழாய் மாறினால் கணக்கு மாறும். அதனால் எதைப் போடுவதானாலும் டியூனுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பின்னால் மனசு மாறினால் மறுபடி முதலிலிருந்து.

எரிதல் வினையை இருபது வருஷமாக நடத்துகிறேன். எத்தனை பங்கு காற்றுக்கு எத்தனை பங்கு எரிபொருள் என்று கரும்பலகையில் எழுதாத வருஷம் இல்லை. அதே கணக்கோடு இவர் ஞாயிறுதோறும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார், நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசியிருக்கலாம். இப்போது எனக்குப் பேச விஷயம் இருக்கிறது, அவருக்கு வாய் இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

சரி. சரி.

பரணிலிருந்த பார்சலை இறக்கினேன். கூம்பும் குழாயும் அதில்தான். நவம்பரில் வாங்கி வைத்திருக்கிறார். கூம்பை இடது பக்க மேஜையில் வைத்தேன். காரிலிருந்து ஃபில்டரோடு பெட்டியைக் கழற்ற எனக்கு முக்கால் மணி நேரமும் ஒரு விரல் நகமும் ஆனது. அதை வலது பக்கம் வைத்தேன்.

"என்னங்க, டியூன் பண்ணணும். பெட்டியா, கூம்பா? கையக் காட்டுங்க."

கூம்பைப் பார்த்தார். கண் அப்படியே நின்றது. இடது கை எழுந்து அதைத் தொட்டது.

"சரி" என்றார்.

இரண்டையும் இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். இப்போது கை பெட்டியைத் தொட்டது. சரி. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். அதையும் தொட்டார். சரி.

மார்ச் 15, சனி

சரி.

இன்று நான் செய்த கூத்தை எழுதித்தான் ஆக வேண்டும். பெட்டிக்குள் இவர் மாற்றிப் போட்டிருப்பது துணி ஃபில்டர். கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டு மறுபடி போடுகிற வகை. அழுக்காக இருந்தது. இவர் முன்னால் செய்தால் ஏதாவது கிளம்புமோ என்று போர்ட்டிகோவில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கழுவினேன். எண்ணெய் பாட்டிலில் கொஞ்சமாகத் தெளிக்கச் சொல்லியிருந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? இட்லிக் குண்டானுக்குத் துணி நனைப்பது மாதிரி நன்றாக நனைத்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "போதுமா?" என்றேன். சரி. "இன்னும் கொஞ்சம்?" சரி.

மாட்டிவிட்டு, பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள வரும் அட்டெண்டரிடம் இவரை விட்டு, காரை எடுத்துக்கொண்டு கணபதி பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். திரும்பி வரும்போது கார் விக்கி விக்கி ஓட ஆரம்பித்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. எப்படியோ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இத்தன எண்ணெய் ஊத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? பார்த்துட்டுதான இருந்தீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"சரி" என்றார். கண்ணில் தண்ணீர். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

ஆல்வின் வந்தான். பானெட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இது எல்லாரும் முதல் தடவ பண்றதுதானுங்க. எண்ணெய் காத்தோட போய் சென்சார் கம்பில ஒட்டிக்கும். அதுக்குக் கணக்கு தப்பிரும், அவ்வளவுதான். நல்லவேளை டியூனுக்கு முன்னாடி ஆச்சு. இந்தத் தப்புக் கணக்க வெச்சு டியூன் பண்ணியிருந்தா மொத்தமும் வீணுங்க."

ஏதோ ஸ்பிரே அடித்துச் சென்சாரைச் சுத்தம் செய்தான். ஃபில்டரையும் கழுவிக் காயவைத்தான். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்ததைக் கேட்டேன்.

"அவர் எதுக்கு தம்பி இத்தன நாள் முடிவு பண்ணல? எதுக்கும் இப்படித் தள்ளிப் போடற ஆளே இல்லையே."

ஆல்வின் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"சாருக்கு அந்தக் கோன்தானுங்க ஆசை. ஷெட்டுக்கு வந்தா அதையே பேசிட்டிருப்பாரு, வாய் ஓயாது. ஆனா போடச் சொல்ல மாட்டாரு. வீட்டுக்காரிக்கு அந்தச் சத்தம் பிடிக்குமோ என்னமோம்பாரு. கேளுங்க சார்னு நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேனுங்க."

"கேக்கவே இல்லையே?"

"கேட்டா சரின்னுதான் சொல்லுவா, கேட்டு என்ன ஆகப்போகுதும்பாருங்க."

காப்பி ஆறிவிட்டது என்று எழுந்து உள்ளே போனேன். சூடு பண்ணிக் கொண்டுவந்தபோது ஆல்வின் கிளம்பத் தயாராக நின்றான். 27-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

மார்ச் 18, செவ்வாய்

சரி.

துணி துவைத்தேன். மாத்திரை வாங்கினேன்.

மார்ச் 20, வியாழன்

சரி.

ரெஹானாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். எல்லாச் சொல்லும் போய் ஒரு சொல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது?

"நிச்சயமாச் சொல்ல முடியாது மேடம். சிலருக்கு அடிக்கடி சொன்னது நிக்கும். சிலருக்கு சாமி பேரு. சிலருக்கு சம்பந்தமே இல்லாம ஏதோ ஒண்ணு."

"அடிக்கடி கேட்டது?"

"இருக்கலாம்" என்றாள். "சார் வீட்ல யாரு அதிகமா சரி சொல்லுவாங்க?"

பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

இந்த வீட்டை வாங்கலாம் என்றார், சரி என்றேன். பெண்ணை ஆஸ்திரேலியாவில் கொடுக்கலாம் என்றார், சரி. ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் ஷெட்டுக்குப் போய் வருகிறேன், சரி. குளியலறையில் அந்தப் பச்சை டைல்ஸ், அதற்கும் சரி. சண்டை போடாமல் இருந்தால் குடும்பம் நன்றாக ஓடும் என்று நினைத்தேன். ஓடவும் ஓடியது. இப்போது என்னவோ அந்தப் பச்சை டைல்ஸைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 23, ஞாயிறு

சரி.

மகள் பெர்த்திலிருந்து வீடியோவில் பேசினாள். காரை விற்றுவிடேன் அம்மா என்றாள். எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். "உனக்கு உடம்பு எதும் சரியில்லையா?" என்று கேட்டாள்.

அட்டெண்டர் இருந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு தனியாக மெயின் ரோட்டில் போய் வந்தேன். போக ஓர் இடமும் இல்லை. ஆனாலும் போனேன். பெட்டிதான் மாட்டியிருக்கிறது, சத்தமே இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல், சூலூர் வரை. எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும் என்று அந்தச் சாலையில்தான் தெரிந்தது. இவர் பக்கத்து இருக்கையில் இருந்து பிரேக், பிரேக் என்று சொல்லாத பயணம். அப்படி நினைத்ததற்குத் திரும்பி வரும் வழியெல்லாம் வருத்தப்பட்டேன்.

மார்ச் 27, வியாழன்

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அட்டெண்டரும் நானுமாக இவரைக் காரில் ஏற்றினோம். முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குத் திரும்புகிற சந்து வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வழி தெரிந்தது. எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஆல்வின் கை வைத்த நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, இவரை உட்கார வைத்து, காதில் பஞ்சு வைத்தான். இங்கே இவருக்கு இருக்கிற மரியாதை எனக்குப் புதிது. காரை உருளை மேல் ஏற்றி, பட்டையால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, முன்னால் ஆள் உயர மின்விசிறியை வைத்தான்.

"ரெண்டையும் ஒவ்வொரு தடவ ஓட்டிக் காட்டறேனுங்க. அப்புறம் சார் எதச் சொல்றாரோ அத வெச்சு டியூன் பண்ணிர்லாம்."

முதலில் கூம்பு. ஆல்வின் உள்ளே உட்கார்ந்து மிதித்தான். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. காலை எடுக்கும்போது குக்கர் ஆவி அடங்குவது போல ஒரு பெரிய உஸ். எனக்குத் தலை வலித்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தின் இடது பாதி சிரித்தது. டிசம்பருக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. பெட்டியை மாட்டி ஓட்டியபோது அந்தச் சிரிப்பு இல்லை, ஆனால் முகச்சுளிப்பும் இல்லை. ஆல்வின் கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகளைக் காட்டினான். கடைசி வரைக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகவே போயின. உச்சியில் மட்டும் கூம்பு இரண்டு குதிரை சக்தி அதிகம்.

நான் இவர் முன்னால் குனிந்தேன்.

"என்னங்க, கேட்டீங்க இல்ல? பெட்டியா, கூம்பா? கூம்புன்னா கையத் தூக்குங்க."

தூக்கினார். சரி.

"பெட்டின்னா தூக்குங்க."

தூக்கினார். சரி.

மறுபடி கேட்டேன். அதற்கு மேலும் ஒரு தடவை கேட்டேன். ஆல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, விடுங்க. நீங்களே சொல்லிருங்க. சாருக்குக் கூம்புதான் ஆசை. அதையே போட்டுரட்டுங்களா?"

சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. பழக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது? ஆனால் இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

"வேண்டாம்" என்றேன். "பெட்டியே இருக்கட்டும்."

"ஏன்?"

ஆல்வின்தான் கேட்டான் என்று நினைத்தேன். ஆல்வின் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு இவரைப் பார்த்தான். நான் திரும்பினேன். இவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசினேன், என்னவெல்லாமோ பேசினேன். காந்திபுரம் சிக்னலில் நின்றால் கூம்பு சூட்டுக் காற்றை இழுக்கும் என்றேன். இரண்டு குதிரைக்காக இத்தனை சத்தம் எதற்கு என்றேன். வகுப்பில் பேசுவது போல விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் கேட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏன்?"

அது எதுவும் காரணம் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இனி இந்தக் கார நீங்க ஓட்ட முடியாதுங்க" என்றேன். யாரும் இதுவரை அவரிடம் சொல்லாதது. டாக்டர்கூடச் சொல்லவில்லை. "நான்தான் ஓட்டணும். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. எப்பவுமே ஆகாது. சொன்னதில்ல, அவ்வளவுதான்."

ஆல்வின் விசிறியை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

இவர் முகம் கோணியது. கோபம் என்று நினைத்தேன். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, அது அவருடைய கோபம் என்று சந்தோஷப்படவும் செய்தேன். ஆனால் அழுதார். சத்தமில்லாமல், இடது கண்ணிலும் வலது கண்ணிலும். நானும் அழுதேன். பிடித்த கையை அவர் விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, கேட்கிறதா இல்லையா என்கிற குரலில், மறுபடியும் சொன்னார்.

"ஏன்?"

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்கிறாரா, தனக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறாரா, தெரியவில்லை. பக்கத்தில் ஒரு டயர் கிடந்தது. அதை நாற்காலிக்குப் பக்கத்தில் காலால் தள்ளி, அவர் கையை விடாமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.